தகடு கடையில், கட்டை கையில்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாடவீதிக்கு வருகின்றன. முதலில் பிள்ளையார் தேர், அடுத்து முருகன், பிறகு அண்ணாமலையாரின் பெரிய தேர், அதன்பின் பெண்களே வடம் பிடிக்கும் அம்மன் தேர், கடைசியில் சிறுவர் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சீலையும் தொம்பையும் கலசமும்தான் தெரியும். கிட்டப் போனால் மரம் தெரியும். தாங்கும் உத்தரங்களைச் சதுரித்தது வாச்சி என்னும் செதுக்குக் கோடரி. யாளியையும் குதிரையையும் தெய்வ உருவங்களையும் எடுத்தது உளியும் அதை அடிக்கும் கொட்டாப்புளியும். தச்சரின் பையில் இருக்கும் இன்னொரு முக்கியக் கருவியான, மரப்பரப்பைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளிக்கு இந்தப் பிரமாண்டத்தில் பங்கு குறைவு. பலகையோடு பலகை இடைவெளி இல்லாமல் சேர வேண்டிய இடங்களில் மட்டும் அது வந்து போயிருக்கும்.

தமிழ்நாட்டுத் தச்சு வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தேரையும் வாகனத்தையும் எழுதுகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் இழைப்புளியின் கதை வேண்டுமானால் கோயிலை விட்டு வெளியே வந்து பழைய வீடுகளின் நிலைக்கதவையும் ஊஞ்சல் பலகையையும் தடவிப் பார்க்க வேண்டும். கை படும் இடம், புடவை உரசும் இடம், கதவு நிலையோடு பொருந்தும் இடம், குழந்தை படுக்கும் தொட்டில். மரத்தின் முகத்தை வழவழப்பாக்கும் தேவை இங்கேதான் இருந்தது.

மரவேலை இந்த மண்ணில் கல்வேலைக்கு மூத்தது. திருவண்ணாமலைக்குக் கிழக்கே, செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டுக் குடைவரை இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் குடைவித்த முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் கோயில் எடுத்ததை அங்கே கல்வெட்டாகவே பொறித்து வைத்தான். அதைப் புதுமையாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது என்றால், அதுவரை கோயில்கள் அந்தப் பொருள்களைக் கொண்டே எழுந்தன என்பது தெளிவு. மரக்கோயில்கள் கரையானுக்கும் மழைக்கும் தீக்கும் போயின. அவற்றின் சாயல் மட்டும் கல்லில் நின்றது. ஆவுடையார்கோவில் கொடுங்கையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கல்லிலேயே கைமரமும் குறுக்குச் சட்டமும் ஆணியும் செதுக்கியிருப்பது தெரியும். கல்தச்சர் மரத்தச்சரின் வேலையை எத்தனை உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

தச்சருக்குச் சமூகத்தில் இருந்த இடமும் சின்னதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஊருக்கு வேலை செய்த தச்சருக்கு விடப்பட்ட மானிய நிலத்துக்குத் தச்சக்காணி என்று பெயர். சில நூற்றாண்டுகள் கழித்தும் இந்த ஏற்பாடு உயிரோடு இருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலிலிருந்து தச்சருக்கும் கொல்லருக்கும் மற்ற ஊர்த்தொழிலாளிகளுக்கும் போன பங்கு அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. களத்தில் நெல் அளக்கும்போதே தச்சர் வீட்டுக்கும் அளந்துவிடுவார்கள்.

அந்த நெல்லுக்கு ஈடாக ஊர்த்தச்சர் செய்தது ஏர், நுகம், பரம்பு, ஏற்றம், வண்டி. இவற்றில் எதற்கும் இழைப்புளி அவசியமில்லை. வாச்சியால் செதுக்கிய மேழியை உழவரின் உள்ளங்கையே ஒரு போகத்தில் வழவழப்பாக்கிவிடும். அதனால்தான் ஊர்த்தச்சரின் தோளில் எப்போதும் வாச்சி தொங்கியது. இழைப்புளி வீட்டுப் பரணில் இருந்தது. கல்யாணத்துக்குப் பெட்டி, கட்டில், புது வீட்டுக்கு நிலைக்கதவு என்று வேலை வந்தால் அது கீழே இறங்கும். அந்த வேலைக்குக் களத்து நெல் ஈடாகாது. தனிக் கூலி பேச வேண்டும். நிலை வைக்கும் நாளில் வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் பணமும் வைத்து ஆசாரியாருக்கு மரியாதை செய்யும் வழக்கம் திருவண்ணாமலைப் பக்கத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இன்றும் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் இழைப்புளி இந்த வட்டாரத்துத் தச்சர் கையில் இருந்தது என்பதற்கு ஒரு வெளியூர்க்காரரின் சாட்சியம் உண்டு. புதுச்சேரியில் பல ஆண்டுகள் தங்கியிருந்த பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொன்னெரா, தன் பயண நூலை 1782-இல் பாரிசில் வெளியிட்டார். இந்தியக் கைவினைஞர்களைப் பற்றி அதில் படங்களோடு எழுதியிருக்கிறார். இங்கத்திய தச்சரிடம் இழைப்புளி, உளி, துரப்பணம், சுத்தியல், ஒருவகைக் கோடரி தவிர வேறு கருவியில்லை, தரையே அவருக்கு வேலைமேசை, காலே மரத்தைப் பிடிக்கும் இடுக்கி என்று சொல்கிறார். பிரெஞ்சுத் தச்சர் மூன்று நாளில் முடிப்பதற்கு இவருக்கு ஒரு மாதமாகும் என்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

அந்தக் குறையை அப்படியே ஏற்கத் தேவையில்லை. சொன்னெரா பார்த்தது நாள்கணக்கை மட்டும். தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தாலும் பலகையை அணைத்துப் பிடித்து இழைக்கிறவருக்கு, மரம் எங்கே அதிர்கிறது, எங்கே சிக்குகிறது என்பது காலிலேயே தெரிந்துவிடும். வேலைமேசையின் இடுக்கியில் பலகையை முறுக்கி வைத்து நின்று வேலை செய்கிறவருக்கு அந்தச் செய்தி கைவழியாக மட்டுமே வரும். கருவி குறைவு என்பதும் ஏழ்மையின் அடையாளம் என்று சொல்லிவிட முடியாது. நடந்தே ஊர் ஊராகப் போய், வேலை இருக்கும் வீட்டுத் திண்ணையிலேயே பட்டறை போட்டவர்கள் அவர்கள். ஒரு பையில் அடங்கியதே அவர்களுக்குப் போதுமான கருவி.

அதே கடற்கரையில் அதற்கு நூறாண்டு முன்பிருந்தே வேறொரு சந்தையும் வளர்ந்துகொண்டிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் கருங்காலி மரத்தில் நாற்காலியும் கட்டிலும் செதுக்கிக் கொடுத்தார்கள். அவற்றில் சில இன்றும் ஐரோப்பிய மாளிகைகளிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. நாற்காலிக்குச் செதுக்கு வேலை போதும். இழுப்பறை வைத்த மேசையும் அலமாரியும் கேட்டு வந்தபோது நிலைமை மாறியது. இழுப்பறை சிக்காமல் போய்வர வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒரே கனத்தில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வாச்சியால் அதைச் செய்ய முடியாது; இழைப்புளி வேண்டும்.

கருவி என்னவோ மிகப் பழையது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய பொம்பேயிலேயே இழைப்புளி கிடைத்திருக்கிறது. ரோமானியர் அதன் அடியில் இரும்புத் தகடு பதித்திருந்தார்கள். கட்டை, அதில் ஒரு வாய், சாய்ந்து நிற்கும் தகடு, அதை இறுக்கும் ஆப்பு: இந்த அமைப்பு இரண்டாயிரம் ஆண்டாக மாறவில்லை. மாறுவது பிடியும் தள்ளும் திசையும்தான். ஜப்பானியத் தச்சர் தன்னை நோக்கி இழுப்பார். சீனத் தச்சர் கட்டையின் குறுக்கே செருகிய கோலை இரு கையாலும் பிடித்துத் தள்ளுவார். நம் ஊரில் தனியாளாக இழைத்தால் தள்ளுவதுதான் வழக்கம். பெரிய பலகை என்றால் கட்டையின் முன்பக்கம் ஒரு குறுக்குக் கட்டையோ கயிறோ பூட்டி, ஆசாரி பின்னாலிருந்து தள்ள, எதிரே உட்கார்ந்த கையாள் இழுப்பார். இருவர் மூச்சும் ஒன்றாகப் போனால்தான் மரச்சுருள் அறுபடாமல் வரும்.

சுமார் ஒரு தலைமுறைக்கு முன்வரை இங்கத்திய தச்சர் கடையில் வாங்கியது தகடு மட்டும். கட்டையைத் தானே செய்துகொண்டார். இழைப்புளியைத் தேர்ந்தெடுப்பது என்றால் மரம் தேர்ந்தெடுப்பது. புளிய மரத்தின் வைரம் கனமானது, நெருக்கமானது, எளிதில் தேயாது. கொட்டாப்புளிக்கும் இழைப்புளிக்கும் அது நல்ல மரம். முடிச்சு இல்லாத, நார் நேராக ஓடும் துண்டாகப் பார்த்து எடுத்து, வெயில் படாத இடத்தில் மாதக்கணக்கில் காயப் போடுவார்கள். அவசரப்பட்டு வெயிலில் காய வைத்தால் கோடைக்குள் வெடித்துவிடும். அறுக்கும்போது நாரின் போக்கும் முக்கியம். கட்டையின் முன்னிருந்து பின்பக்கம் போகப்போக நார் கீழே இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அடிப்பரப்பு மரத்தின் மேல் தடையின்றி வழுக்கும். எதிராக இருந்தால் அடியிலேயே சிராய் கிளம்பும்.

நீளம் எவ்வளவு? செய்யப்போகும் வேலை அதற்குப் பதில் சொல்லும். எட்டு, ஒன்பது அங்குலக் குட்டைக் கட்டை பலகையின் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கிப் போகும். இருபது அங்குலத்துக்கு மேற்பட்ட நீட்டுக் கட்டை பள்ளத்தைத் தாண்டி நின்று மேட்டை மட்டும் சீவும். ஆகவே மட்டம் எடுக்க நீட்டு இழைப்புளி. மட்டம் எடுத்த பலகைக்குக் கடைசி மெருகு கொடுக்கக் குட்டை இழைப்புளி. இதைப் புரிந்துகொள்ளாமல் குட்டையை வைத்துக்கொண்டே நாள் முழுக்க இழைப்பவர் வழவழப்பான பள்ளத்தைத்தான் செய்வார். பலகையைச் சேர்க்கும் பள்ளம் எடுக்கத் தனியாகக் காடி இழைப்புளி உண்டு. கதவுச் சட்டத்தில் விளிம்பு ஓட்ட, வேண்டிய வடிவத்துக்குத் தீட்டிய தகடு வைத்த சின்னக் கட்டைகள் உண்டு. நல்ல ஆசாரி ஒருவரின் பையில் இப்படி ஐந்தாறு கட்டைகளாவது கிடக்கும். அத்தனையும் அவர் கையளவுக்கு அவரே செய்தவை.

தகடு உட்காரும் சாய்வில்தான் அனுபவம் தெரியும். உலகெங்கும் பொதுவாகப் பயன்படுவது 45 பாகை. நேரான நாருள்ள தேக்குக்கு அது போதும். வேங்கை, வேம்பு போன்றவற்றில் நார் ஒரு வரிசை இப்படியும் அடுத்த வரிசை அப்படியும் பின்னிக்கொண்டு ஓடும். எந்தப் பக்கம் இருந்து இழைத்தாலும் பாதி இடத்தில் எதிர்ப்போக்காகிவிடும். அங்கே தகட்டை 50, 55 பாகைக்கு நிமிர்த்தி வைப்பது ஒரு வழி. தள்ளுவதற்குப் பாரம் கூடும். ஆனால் நார் வேரோடு பெயராமல் வெட்டுப்படும். தேக்குக்கு வேறொரு தொந்தரவு. அதன் உள்ளே மணல்சத்தான சிலிக்கா படிந்திருப்பதால் தகட்டின் கூர் சீக்கிரம் மழுங்கும். தேக்கு இழைக்கிற ஆசாரி அடிக்கடி எழுந்து தீட்டுக்கல்லுக்குப் போவது சோம்பலால் அல்ல.

இனி வாய். தகட்டின் முனைக்கும் அதன் முன்னால் இருக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வாய் அகன்றிருந்தால் சுருள் தடையின்றி வெளியேறும். ஆனால் தகடு வந்து சேருமுன்பே மரம் பிளந்து முன்னால் ஓடிவிடும். வாய் குறுகியிருந்தால் கட்டை மரத்தைக் கடைசி நொடிவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிளவு ஓட இடமில்லை. கடைசி மெருகுக்கு வைத்திருக்கும் இழைப்புளியில் மெல்லிய சுருள் மட்டும் நுழையும் அளவுக்கு வாயை விடுவார்கள். ஆண்டுக்கணக்கில் அடி தேயத் தேய வாய் தானாக அகலும். அப்போது வாய்க்கு முன்னால் ஒரு துண்டு மரத்தைச் செதுக்கிப் பதித்து மறுபடி குறுக்குவார்கள். அப்படி ஒட்டுப்போட்ட கட்டையைப் பார்த்தால் அது பல காலம் உழைத்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இரட்டைத் தகடு பரவியது. வெட்டும் தகட்டின் மேல் இன்னொரு தகட்டை, கூர்முனையிலிருந்து மயிரிழை தள்ளி வைத்து இறுக்கினால், எழும் சுருளை அது உடனே மடித்து ஒடித்துவிடும். பின்னிய நாரிலும் சிராய் எழாது. பிறகு இங்கேயும் வந்த இந்த மேல்தகட்டை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். கால் மில்லிமீட்டருக்குள் வந்தால்தான் வேலை செய்யும். இரண்டு தகடும் சேரும் இடத்தில் நூலிழை இடைவெளி இருந்தாலும் சுருள் அதில் போய்ச் சிக்கி வாயை அடைத்துவிடும். கடையில் வாங்கிய மேல்தகட்டின் விளிம்பைக் கல்லில் தேய்த்துப் பொருத்திய பிறகே கட்டையில் ஏற்ற வேண்டும்.

தகட்டைக் கூராக்குவது இரண்டு கட்டம். சாணையில் 25 பாகை அளவுக்குச் சரிவு எடுத்து, தீட்டுக்கல்லில் எண்ணெய் விட்டு 30 பாகை அளவில் முனையைத் தீட்ட வேண்டும். தீட்டும்போது மறுபக்கம் பிசிறு எழும்பும். விரலால் தடவினால் தெரியும். தகட்டைத் திருப்பி, முதுகைக் கல்லில் தட்டையாக வைத்துத் தேய்த்து அந்தப் பிசிறைப் போக்க வேண்டும். முதுகு தட்டையாக இல்லாத தகட்டை எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. இரண்டு ஓரத்தையும் துளி வளைத்துத் தீட்டினால் இழைத்த பலகையில் படிக்கட்டு போலத் தடம் விழாது.

பிறகு பொருத்துவது. தகட்டை உள்ளே இறக்கி, ஆப்பை விரலால் செருகி, கட்டையைத் தலைகீழாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, அடிப்பரப்பு நெடுக ஓர் ஓரப் பார்வை. கூர்முனை கறுப்புக் கோடாகத் தெரியும். ஒரு பக்கம் தடித்திருந்தால் தகட்டின் பக்கவாட்டில் மெல்ல ஒரு தட்டு. இறங்க வேண்டுமானால் தகட்டின் தலையில் தட்டு; ஏற வேண்டுமானால் கட்டையின் பின்பக்கத்தில் தட்டு. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் ஆப்பை மீண்டும் இறுக்க வேண்டும். ஒழுங்காக அமைந்த இழைப்புளி முதல் தள்ளலில் சன்னமான ஒரே சீறலோடு போகும். கரகரவென்று சத்தம் வந்தால் தகடு அதிகம் இறங்கியிருக்கும், அல்லது நாருக்கு எதிராகப் போகிறது. பலகையின் பக்கவாட்டைப் பார்த்து நார் எந்தப் பக்கம் மேலேறுகிறதோ அந்தப் பக்கம் நோக்கி இழைக்க வேண்டும் என்பது பட்டறையில் சேரும் பையனுக்கு முதல் பாடம்.

மரக்கட்டைக்குப் பருவம் தெரியும். சித்திரை வெயிலில் சுருங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும். அடிப்பரப்பு நூலளவு வளைந்தாலும் வேலை கெடும் என்பதால் மட்டப்பலகை வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் இன்னோர் இழைப்புளியால் அதையே இழைத்து நேராக்குவார்கள். ஆயுத பூசையன்று கழுவித் துடைத்து எண்ணெய் பூசிச் சந்தனமும் குங்குமமும் வைப்பது பக்திதான். ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்துப் பார்க்கும் நாளும் அதுவே.

இழைப்புளி முடித்த இடத்தில் வேலை முடியவில்லை. உப்புத்தாள் வருமுன் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டினார்கள். அதற்கு முன் இலை. பராய் மரத்தின் இலை தொட்டால் அரம் மாதிரி சொரசொரக்கும். மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்ற அது பயன்பட்டது. திருச்சி அருகே திருப்பராய்த்துறைக்குத் தலமரமே பராய்தான்.

சொரசொரப்பான இலையால் மரத்தை மெருகேற்றியதற்குத் திருவண்ணாமலையிலேயே பலரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இரமண மகரிஷியிடம் வேலூர் ஊரிஸ் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் ஒருவர், பலன் கருதாத செயல் என்றால் என்ன என்று கேட்டார். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மலைமேல் நடக்கப் போனபோது மகரிஷி வழியில் கிடந்த ஒரு முட்கோலை எடுத்தார். உட்கார்ந்து முள்ளைக் களைந்தார், கணுக்களைச் சீவினார், சொரசொரப்பான இலை ஒன்றால் கோல் முழுவதும் தேய்த்து வழவழப்பாக்கினார். ஏறத்தாழ ஆறு மணி நேரம் போயிற்று. அந்த வழியாக வந்த ஆடு மேய்க்கும் சிறுவன் தன் கோலைத் தொலைத்துவிட்டுக் கலங்கி நின்றான். புதுக்கோலை அவனிடம் கொடுத்துவிட்டு மகரிஷி நடந்தார். கேள்விக்கு அதுதான் விடை என்று உடனிருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். தச்சுக் கண்ணோடு பார்க்கிறவருக்கு அதில் இன்னொன்றும் தெரியும்: முள், கணு, பரப்பு என்ற அந்த வரிசை பட்டறையில் மரத்தைச் சீர்செய்யும் வரிசையேதான்.

இரும்பு இழைப்புளி அமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. பாஸ்டன் நகரத்து லியோனார்டு பெய்லி, தகட்டைச் சுத்தியலால் தட்டாமல் திருகாணியைத் திருப்பியே ஏற்றி இறக்கும் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1869-இல் ஸ்டான்லி நிறுவனம் அவரிடமிருந்து அதை வாங்கியது. அவர்களுடைய 14 அங்குல 5-ஆம் எண்ணும் குட்டையான 4-ஆம் எண்ணும் உலகம் முழுக்கப் பரவின. பிறகு இங்கிலாந்தின் ஷெஃபீல்டும், நாடு விடுதலை அடைந்தபின் பஞ்சாபின் ஜலந்தர், லூதியானாப் பட்டறைகளும் இரும்புக் கைக்கருவிகளைச் செய்து குவித்தன. இரும்பு வளையாது, வாய் எளிதில் அகலாது. ஆனால் இங்கே தச்சர்கள் மரக்கட்டையை உடனே விட்டுவிடவில்லை. இரும்பு மரத்தைவிட அதிகம் உரசும்; அடியில் மெழுகோ எண்ணெயோ தடவிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே விழுந்தால் வார்ப்பிரும்பு உடையும். உடைந்தால் அதைப் பட்டறையில் செய்துகொள்ள முடியாது.

இரும்பு இழைப்புளியோடு இன்னொரு மாற்றமும் வந்தது. அது கருவியைவிடப் பெரியது. அதுவரை தச்சு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் தொழில். மற்றச் சாதிப் பையனுக்கு இழைப்புளி பிடிக்கக் கற்றுத் தர ஊரில் ஆள் இல்லை. சென்னையில் 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் கலைப்பள்ளி தொடங்கினார். இந்தப் பக்கத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் ஆரணியில் தொழிற்பள்ளி நடத்தியது. அந்தப் பணி பின்னர் காட்பாடிக்குப் போனது. விடுதலைக்குப் பின் ஐ.டி.ஐ.கள் வந்தன. தச்சு வேலை பிறப்போடு ஒட்டிய ஒன்று என்ற எண்ணத்தை இப்பள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தன. 1953-இல் ராஜாஜி அரசு, பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தபோது எழுந்த கொந்தளிப்புக்குக் காரணமும் தொழிலைப் பிறப்போடு ஒட்டிய இந்த எண்ணம்தான். தொழில் கற்பதை யாரும் எதிர்க்கவில்லை. அப்பன் தொழிலையே கற்க வேண்டும் என்பதைத்தான் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அது சரியான முடிவு. ஆனால் பட்டறையில் பத்து வருடம் கூடவே இருந்து கட்டை செய்யக் கற்ற கல்விக்கு மாற்றாக, அதே ஆழத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்த ஒரு பயிற்சி உருவாகவில்லை என்பதும் உண்மை. ஐ.டி.ஐ. மாணவர் இரும்பு இழைப்புளியைக் கையாளக் கற்கிறார். மரக்கட்டை செய்வது பாடத்துக்கு வெளியே போய்விட்டது.

மரத்தின் கதையும் இணையாக ஓடியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாக வந்த பர்மாத் தேக்கு செட்டிநாட்டு மாளிகைகளில் மட்டும் நிற்கவில்லை; வசதியுள்ளவர் எந்த ஊரில் வீடு கட்டினாலும் அதன் நிலைக்கும் கதவுக்கும் அதுவே போனது. நீளமான, முடிச்சில்லாத, இழைத்தால் பொன்னிறமாகப் பளபளக்கும் அந்த மரம் இழைப்புளிக்குப் பொற்காலம் கொடுத்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. பிறகு நாட்டுத் தேக்கும் வேம்பும் பூவரசும் வேங்கையும் வேலைக்கு வந்தன. இவற்றில் சில பின்னிய நார் மரங்கள் என்பதால் ஆசாரியின் திறமைக்கு வேலை கூடியது.

மின்சார இழைப்பு இயந்திரம்தான் கை இழைப்புளியைத் துரத்தியது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் உருளை வேகமாகச் சீவும். ஆனால் பரப்பில் சன்னமான அலை விட்டுச் செல்லும். வார்னிஷ் அடித்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அந்த அலை தெரியும். அதனால் இயந்திரம் முடித்த பிறகும் கை இழைப்புளிக்கு ஒரு சுற்று வேலை இருந்தது. அந்த ஒரு சுற்றையும் எடுத்துக்கொண்டது ஒட்டுப்பலகையும் அதன் மேல் ஒட்டும் சன்மைக்காவும். எட்டடிக்கு நாலடித் தாளாக வழவழப்பே ஆலையில் தயாராகி வந்துவிட்டது. அறுக்க வேண்டும், ஒட்ட வேண்டும், ஓரம் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். இன்று வீடுகளில் சமையலறை அலமாரி செய்கிறவரின் பையில் இழைப்புளி இல்லாமலே போகலாம்.

கை இழைப்புளி இன்றும் ஓய்வெடுக்காத இடங்கள் இருக்கின்றன. அண்ணாமலையார் கோயிலின் பெரிய தேர் பழுது பார்க்கப்பட்டு 2024 நவம்பரில் வெள்ளோட்டம் விடப்பட்டது. தமிழ்நாட்டின் பெரிய தேர்கள் பலவற்றுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரம் செய்து கொடுத்திருக்கிறது. ஆனாலும் மேல்தட்டுக்கு இன்னும் மரம்தான், மரத்துக்கு இன்னும் தச்சர்தான். பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உளியே பிரதானம் என்றாலும் சிற்பத்துக்கு எடுக்கும் பலகையின் முதுகும் பீடமும் மட்டமாக வேண்டும்.

அரசு உதவியும் வந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய மத்திய அரசின் விசுவகர்மா திட்டம் 18 தொழில்களில் தச்சையும் சேர்த்து, கருவி வாங்க 15,000 ரூபாய் தருகிறது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. 1953-இன் நினைவு இங்கே இன்னும் மங்கவில்லை. 2025 ஏப்ரலில் மாநில அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது; 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். இந்தப் பணத்தில் வாங்கக்கூடியது பெரும்பாலும் மின்கருவிதான். கட்டை செய்யத் தெரிந்த மூத்த தச்சர்களைப் பயிற்சியாளர்களாக அமர்த்தி, ஒவ்வோர் ஐ.டி.ஐ.யிலும் சில மாதம் கற்றுக்கொடுக்கச் செய்தால், அதற்குச் செலவாகும் பணம் மிகக் கொஞ்சம்தான்.

அந்த அறிவு தேவைப்படும் வேலை கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. இடிக்கும் பழைய வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுக்கு இன்று நல்ல விலை. அவற்றை வாங்குகிறவர்கள் பெயின்ட்டைச் சுரண்டி, மேல்பரப்பை இழைத்துப் புது வீட்டில் மாட்டுகிறார்கள். நூறாண்டுக் கதவுக்குள் எங்கெங்கோ ஆணி முறிந்து புதைந்திருக்கும். மின்சார இயந்திரத்தை ஓட்டினால் முதல் ஆணியிலேயே உருளையின் அலகுகள் பல்லுப் போய்விடும். அதனால் அந்த வேலையைப் பொறுப்பேற்கிறவர்கள் முதலில் காந்தம் வைத்து ஆணி தேடுகிறார்கள், அகப்பட்டதைப் பிடுங்குகிறார்கள், பிறகு பரணிலிருந்து மரக்கட்டையை இறக்கித் தகட்டைத் தீட்டுகிறார்கள். தப்பிய ஓர் ஆணி தகட்டில் பட்டாலும் அரை மணி நேரம் சாணையும் கல்லும் பிடித்தால் தகடு பழையபடி கூராகிவிடும்.